பாய் நனைக்கும் பிள்ளைக்குப் பிரம்பு மருந்தல்ல

சில ஆண்டுகளுக்கு முன்னர் மன்னார் மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எம்மிடம் வந்தார். அவருடைய மகன் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையிற் சித்தியடைந்திருந்தான். நகரத்துப் பாடசாலையில் அனுமதி கிடைத்திருந்தது. விடுதியிலும் இடம் ஒழுங்காகியிருந்தது. ஆனாற் பிள்ளையோ போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். காரணம் கேட்டால் வாய் திறக்கவில்லை. "படிப்பிலை கெட்டிக்காரன் பாதர், ஆனால் சரியான பிடிவாதக்காரன்" என்றார் தாய். பின்னர் குரலைத் தாழ்த்தி, "இன்னும் பாயிலை சலம் போறான். அந்தப் பயம்தான் போலக் கிடக்கு" என்றார்.

தகப்பன் பிரம்பால் அடித்துப் பார்த்துவிட்டார். அயலிலே ஒருவர் சொன்னதைக் கேட்டு, சூடும் வைத்தாயிற்று. பத்து வயதுப் பிள்ளையின் தொடையில் கரண்டிக் காம்பின் தழும்பு இருந்தது. பாய் மட்டும் நனையாமல் இருக்கவில்லை.

காய்ச்சல் என்றால் ஊருக்கே சொல்லுகின்ற நாம், இந்த விடயத்தை மட்டும் வீட்டுக்குள்ளேயே மூடி வைக்கின்றோம். அதனால் ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைக்கு மட்டுமே இக்குறை உண்டு என எண்ணி வருந்துகின்றாள். ஒவ்வொரு பிள்ளையும் உலகத்தில் தான் ஒருவனே இப்படி என எண்ணிக் கூனிக்குறுகுகின்றான். உண்மை அவ்வாறன்று. இதுபற்றி மருத்துவம் இன்று அறிந்துள்ளவற்றையும், எமது கிராமத்து வீடுகளிற் செய்யக்கூடியவற்றையும் இங்கு எளிமையாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

எத்தனை பிள்ளைகளுக்கு?

5 வயது நிரம்பாத பிள்ளை இரவில் நனைப்பதை வைத்தியர்கள் ஒரு குறையாகக் கொள்வதில்லை. 5 வயதைக் கடந்த பின்னரும், நித்திரையில் தன்னையறியாமல், மாதக் கணக்காகத் திரும்பத் திரும்ப நனைத்தால் மட்டுமே அது கவனிக்க வேண்டியதொன்றாகின்றது.

5 வயதுப் பிள்ளைகளில் 100 பேருக்கு ஏறக்குறைய 15 பேர் இரவில் நனைக்கின்றார்கள். 10 வயதில் அது 5 பேர் அளவுக்குக் குறைகின்றது. வளர்ந்தவர்களுள்ளும் 100 பேருக்கு ஒருவர் வரை இருக்கின்றனர். ஆண்பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகின்றது. நனைக்கின்ற பிள்ளைகளில் 100 க்கு 15 பேர் வரை, எந்தச் சிகிச்சையும் இன்றி, ஆண்டுதோறும் தாமாகவே குணமடைந்து விடுகின்றனர்.

இதனை எமது பாடசாலைகளோடு பொருத்திப் பார்ப்போம். முதலாம் தரத்தில் 30 பிள்ளைகள் இருந்தால் அவர்களுள் நால்வரேனும் இரவில் நனைப்பவராக இருக்கக்கூடும். தரம் 6 மாணவர் 60 பேர் சேரும் விடுதியில் இருவரோ மூவரோ இருக்கலாம். அவர்கள் யாரென எமக்குத் தெரியாவிட்டால், அவர்கள் ஒளிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

காரணம் என்ன?

சோம்பலும் பிடிவாதமும் இதற்குக் காரணமல்ல. நித்திரையில் நிகழ்வதைப் பிள்ளை அறிந்து செய்வதில்லை. பெரும்பாலான பிள்ளைகளில் மூன்று காரணங்கள் தனித்தனியாகவோ சேர்ந்தோ காணப்படுகின்றன.

முதலாவது, இரவில் அதிகமாகச் சிறுநீர் சுரத்தல். இரவு வந்ததும் மூளையிலிருந்து வசோபிறெசின் எனும் ஓமோன் கூடுதலாகச் சுரந்து, சிறுநீரகங்களின் வேலையை மட்டுப்படுத்துகின்றது. அதனாலேயே நாம் விடியும்வரை எழும்பாமல் உறங்குகின்றோம். சில பிள்ளைகளில் இந்த இரவுச் சுரப்புப் பிந்தியே முதிர்ச்சியடைகின்றது. அதுவரை பகலைப் போலவே இரவிலும் சலம் சேருகின்றது.

இரண்டாவது, சிறுநீர்ப்பை கொள்ளும் அளவு குறைவாக இருத்தல், அல்லது நிரம்பும் முன்னரே அது சுருங்க முற்படுதல்.

மூன்றாவது, சிறுநீர்ப்பை நிரம்பிவிட்டது என்னும் செய்தி எட்டியும் மூளை விழித்துக்கொள்ளாமை. "இடி விழுந்தாலும் எழும்பமாட்டான்" என்று தாய்மார் சொல்வது இதைத்தான்.

இவற்றோடு மலச்சிக்கலையும் மறந்துவிடலாகாது. சிறுநீர்ப்பைக்குப் பின்னாலேயே மலக்குடல் இருக்கின்றது. அதில் மலம் இறுகிக் கிடந்தால் சிறுநீர்ப்பை நெருக்கப்பட்டு, விரிய இடமில்லாமற் போகின்றது. மலச்சிக்கலைத் தீர்த்தவுடனேயே பாய் நனைவது நின்றுவிட்ட பிள்ளைகளும் உண்டு.

பரம்பரையும் இதில் பெரும் பங்கு வகிக்கின்றது. தாய், தகப்பன் இருவரில் ஒருவர் சிறுவயதில் நனைத்திருந்தால், பிள்ளையும் நனைப்பதற்கான வாய்ப்பு 100 க்கு 40 இற்கும் மேல். இருவருமே நனைத்திருந்தால் 100 க்கு 70 இற்கும் மேல். இதை நாம் அந்த வீட்டுத் திண்ணையில் இருந்து விளக்கிக்கொண்டிருந்தபோது, மூலையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த அப்பம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "இவன்ரை கொப்பனும் பன்னிரண்டு வயசு மட்டும் நனைச்சவன்தான். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை." தகப்பன் எழுந்து வளவுப் பக்கம் போய்விட்டார். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து மகனுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். அதன் பிறகு அந்த வீட்டில் பிரம்பு எடுக்கப்படவில்லை என்று பின்னர் அறிந்தோம்.

செய்யக் கூடாதவை

அடித்தல், சூடு வைத்தல், ஏசுதல், தம்பி தங்கச்சிமாரின் முன்னால் பரிகசித்தல், நனைந்த பாயை ஊர் காண வேலியிற் போடுதல், சாப்பாட்டை மறுத்தல் ஆகிய எவையும் இதனைக் குணப்படுத்த மாட்டா. விழித்திருக்கும் பிள்ளைக்குத்தான் தண்டனை விளங்கும். சிறுநீர்ப்பைக்கும் ஓமோனுக்கும் அது விளங்காது. பயம் மட்டுமே கூடும். சூடு வைத்தல் பிள்ளைக்கு இழைக்கும் கொடுமை. சட்டத்தின் முன் குற்றமும் ஆகும்.

நாள் முழுவதும் தண்ணீரைக் குறைப்பதும் தவறு. போதிய தண்ணீர் குடியாத பிள்ளையின் சிறுநீர்ப்பை விரிந்து பழகுவதில்லை, மலமும் இறுகுகின்றது.

எள்ளுருண்டை கொடுப்பதும் நூல் கட்டுவதும் எம் ஊர்களில் உள்ள வழக்கங்கள். எள்ளுருண்டை நல்ல உணவு, கொடுக்கலாம். ஆயினும் அதையே மருந்தென நம்பிக் காலத்தைப் போக்க வேண்டாம்.

நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிச் சென்று சலம் போக வைக்கும் பெற்றோர் பலர். அன்றைய பாய் நனையாமல் இருக்க அது உதவலாம். உறவினர் வீட்டிலே தங்கும் நாளில் அதைச் செய்வதிற் பிழையில்லை. ஆனால் அதனால் பிள்ளை தானாக விழிக்கப் பழகுவதில்லை என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

வீட்டிற் செய்ய வேண்டியவை

முதலில் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரங்களுக்கு, எந்த இரவு நனைந்தது, எது நனையவில்லை, பிள்ளை எப்போது என்ன குடித்தது, எத்தனை தடவை சலம் போனது, மலம் ஒழுங்காகப் போனதா என்பவற்றைக் குறித்து வாருங்கள். பின்னர் வைத்தியரிடம் செல்ல நேர்ந்தால் இந்தக் கொப்பியே அவருக்குப் பேருதவியாகும்.

விடுமுறை நாள் ஒன்றில் சிறுநீரின் அளவையும் பார்க்கலாம். 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றின் மேற்பகுதியை வெட்டி, அளவுக் கோடு இட்டுக்கொண்டால் போதும். பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி 30 ஆற் பெருக்கினால், அந்த வயதுச் சிறுநீர்ப்பை கொள்ளும் அளவு மில்லிலீற்றரில் கிடைக்கும். 7 வயதுப் பிள்ளைக்கு 240. 10 வயதுக்கு 330. காலையில் எழுந்தவுடன் போகும் சலத்தை விட்டு, பகலில் போனவற்றுள் மிகக் கூடியதைப் பாருங்கள். அது மேற்கூறிய அளவின் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே எப்போதும் இருந்தால், சிறுநீர்ப்பை சிறிதளவே கொள்கின்றது எனக் கருதலாம்.

அடுத்தது தண்ணீர். 4 முதல் 8 வயதுவரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1 லீற்றர் தொடக்கம் 1.4 லீற்றர் வரையான பானம் வேண்டும். எமது வறண்ட வலயத்து வெயிலில் ஓடி விளையாடும் பிள்ளைக்கு இன்னும் கூட வேண்டும். அதனை ஐந்து பங்காக்கினால், இரண்டு பங்கு முற்பகலிலும், இரண்டு பங்கு பிற்பகலிலும், ஒரு பங்கு மட்டும் மாலைக்குப் பின்னரும் குடிப்பது நல்லது. ஆனால் எம் கிராமங்களில் நடப்பது இதற்கு நேர்மாறானது. பாடசாலை மலசலகூடம் அசுத்தமாக இருப்பதால், சிறப்பாகப் பெண்பிள்ளைகள், பகல் முழுவதும் தண்ணீர் குடியாமல் அடக்கிக்கொண்டு இருக்கின்றார்கள். வீடு வந்த பின்னர் விடாய் தீர மடமடவெனக் குடிக்கின்றார்கள். இரவிலே அது பாயிற் போகின்றது. ஆகவே பாடசாலை மலசலகூடத்தைத் துப்புரவாக வைத்திருப்பதும் இதற்குரிய சிகிச்சையின் ஒரு பகுதியே.

மாலையிற் கொடுக்கும் வெறுந் தேநீரை நிறுத்துங்கள். தேயிலையிலும் கோப்பியிலும் கோலா வகைகளிலும் உள்ள கபீன் சிறுநீரைக் கூட்டக்கூடியது. நித்திரைக்கு முந்திய ஒரு மணி நேரத்தில் எதையும் குடிக்காமல் இருப்பது நன்று.

பகலில் 4 முதல் 7 தடவைகள் வரை, அவசரப்படாமல், சலம் போகப் பழக்குங்கள். படுக்கப் போகும்போது கட்டாயம் ஒரு தடவை போக வேண்டும். எமது வீடுகள் பலவற்றில் மலசலகூடம் வளவின் கோடியில் இருக்கின்றது. இருட்டுக்கும் பாம்புக்கும், சில இடங்களில் யானைக்கும் பயந்து, விழித்த பிள்ளையும் எழும்பாமற் கிடக்கும். அறை மூலையில் மூடியுள்ள வாளி ஒன்றையும், தலைமாட்டில் ஒரு ரோச் லைற்றையும் வையுங்கள். "இரவிலை எழும்ப வேண்டுமெண்டால் என்னைக் கூப்பிடு" என்று தாய் சொல்லும் ஒரு வார்த்தையும் துணையாகும்.

மலச்சிக்கல் உள்ள பிள்ளைக்கு கீரை, பப்பாசிப்பழம், வாழைப்பழம் முதலியவற்றைக் கூட்டிக் கொடுங்கள். காலை உணவுக்குப் பின் சற்று நேரம் மலசலகூடத்தில் அமரச் செய்யுங்கள். அதனாலும் தீராவிட்டால் வைத்தியரிடம் மருந்து பெற வேண்டும்.

பாயின் மேல் ஒரு பொலித்தீன் விரிப்பு, அதன் மேல் மடித்த பழைய சேலை அல்லது சாரம் போட்டால் பாய் பழுதாகாது. தாயின் வேலையும் குறையும். காலையிற் பிள்ளையை மேல் கழுவி அனுப்புங்கள். வகுப்பில் பரிகாசம் தொடங்குவது மணத்தினால்தான். நனைந்த துணியை அலச உதவும்படி பிள்ளையைக் கேட்கலாம். ஆனால் அது தண்டனையாகத் தோன்றலாகாது.

பாராட்டுவதாயின் பிள்ளையின் கையில் உள்ளதற்கே பாராட்டுங்கள். நேரத்துக்குத் தண்ணீர் குடித்தது, படுக்குமுன் சலம் போனது, காலையில் துணியை எடுத்துப் போட்டது ஆகியவை அதன் கையில் உள்ளவை. நனையாத இரவு அதன் கையில் இல்லை. நனையாத இரவுக்குப் பரிசு என்று சொல்லிவிட்டால், நனைந்த காலை மீண்டும் ஒரு தண்டனையாகிவிடும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

ஆறு மாதங்களோ அதற்கு மேலோ நனையாமல் இருந்த பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்கினால் ஏதோ புதிதாக நிகழ்ந்துள்ளது என்று கொள்ள வேண்டும்.

அப்பிள்ளை அடிக்கடி தண்ணீர் கேட்டு, அடிக்கடி சலம் போய், மெலிந்து, சோர்ந்து காணப்பட்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். சிறுபிள்ளைகளுக்கு வரும் நீரிழிவு இப்படித்தான் தொடங்குகின்றது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தாற் தெரிந்துவிடும். வாந்தியும் வேகமான மூச்சும் தொடங்கும்வரை காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

சலக்கடுப்பு, காய்ச்சல், சலத்தில் இரத்தம் ஆகியன இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும். பகலிலும் நனைத்தல், சலம் சொட்டுச் சொட்டாகப் போதல், நடையில் மாற்றம், முதுகின் அடியில் குழியோ மயிர்க்கற்றையோ காணப்படுதல் ஆகியவற்றையும் வைத்தியருக்குக் காட்ட வேண்டும். பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் தடைப்படுவதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இரவிலே ஆசனவாயைச் சொறியும் பிள்ளைக்குப் பூச்சி மருந்து தேவைப்படலாம்.

உடலிற் குறையில்லாவிடின் மனத்தைப் பார்க்க வேண்டும். தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பின்னர், தகப்பனின் குடியால் வீட்டிற் சண்டை வந்த பின்னர், புதிய குழந்தை பிறந்த பின்னர், நெருங்கிய ஒருவர் இறந்த பின்னர் பிள்ளைகள் மீண்டும் நனைப்பதுண்டு. 2009 இல் முடிவடைந்த யுத்தத்தின்போது இடம்பெயர்ந்த பிள்ளைகளிடமும் இது காணப்பட்டது. வாயாற் சொல்ல முடியாததை உடல் சொல்லும். குறிப்பிட்ட ஓர் ஆளைக் கண்டு பிள்ளை அஞ்சினாலோ, மறைவிடத்தில் நோவு எனச் சொன்னாலோ, அதட்டாமற் கேளுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் இதற்காகவே உள்ளது.

வைத்தியர் தரும் சிகிச்சை

மேற்கூறிய ஒழுங்குகளைச் சில வாரங்கள் கைக்கொண்டும் மாற்றம் இல்லையெனில், பிள்ளை ஏறக்குறைய 7 வயதை எட்டியிருந்தால், இரு வகையான சிகிச்சைகள் உள்ளன.

ஒன்று மணியடிக்கும் கருவி. 1904 இல் ஜேர்மன் மொழி பேசும் வைத்தியரான பவுண்ட்லர் என்பவர், பிள்ளை நனைத்ததைத் தாதியருக்கு அறிவிக்க ஒரு மின்மணியை அமைத்தார். நாளடைவில் பிள்ளைகள் நனைப்பதே குறைந்து வருவதை அவர் கண்டார். 1938 இல் அமெரிக்காவில் மௌறர் தம்பதியினர் அதனை ஒரு சிகிச்சை முறையாக வெளியிட்டனர். இன்றைய கருவி சிறியது. உள்ளாடையில் ஈரம் பட்டவுடன் ஒலிக்கும். முதல் வாரங்களிற் பிள்ளைக்கு அது கேட்காது. பெற்றோர்தான் எழும்பி, பிள்ளையை நன்றாக விழிக்கச் செய்து, எஞ்சிய சலத்தைப் போகவிட்டு, துணி மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு மாதங்கள் வரை பொறுமை வேண்டும். தொடர்ந்து 14 இரவுகள் நனையாமல் இருந்தால் நிறுத்தலாம். மூவரில் இருவர் வரை இதனாற் பயன் பெறுகின்றனர். சிலருக்கு மீண்டும் வரும். அப்போது மறுபடியும் கருவியைப் பயன்படுத்தலாம். எம் ஊர்க் கடைகளில் எளிதிற் கிடைக்கும் பொருளன்று இது. சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் கேட்டறிய வேண்டும்.

மற்றையது டெஸ்மோபிறெசின் என்னும் மாத்திரை. வசோபிறெசின் ஓமோனின் வேலையை இது செய்கின்றது. எடுத்த இரவில் பலருக்குப் பலன் தரும். நிறுத்தினால் பெரும்பாலும் பழையபடி வரும். சுற்றுலா, விடுதி போன்ற தேவைகளுக்கு மிக உதவியானது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது: மாத்திரைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னிருந்து எட்டு மணி நேரத்துக்குப் பின்வரை பிள்ளை அதிகம் குடிக்கக் கூடாது. குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து வலிப்பு வரக்கூடும். வாந்தி, வயிற்றோட்டம், காய்ச்சல் உள்ள நாளில் கொடுக்காமல் வைத்தியரைக் கேளுங்கள். இமிப்பிறமின் என்னும் பழைய மருந்து அளவு மீறினால் இதயத்தைப் பாதித்து உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகையால் அது இன்று முதல் மருந்தாகக் கொடுக்கப்படுவதில்லை. அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிக் கொடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

விடுதிகளை நடத்துவோருக்கு

இங்கு எமது தவறொன்றையும் சொல்ல வேண்டும். எமது பொறுப்பில் இருந்த விடுதியொன்றில், நனைத்த பிள்ளைகள் தம் பாயைத் தாமே சுமந்து முற்றத்திற் போட வேண்டும் என்ற ஒழுங்கு முன்னர் இருந்தது. அது துப்புரவுக்கான ஒழுங்கு என நாம் எண்ணினோம். ஒரு தவணை முடிவில் வீட்டுக்குப் போன சிறுவன் ஒருவன் திரும்பி வரவில்லை. அவன் ஏன் வரவில்லை என்று அப்போது நாம் விசாரிக்கவும் இல்லை.

விடுதிக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது பெற்றோரிடம் தனிமையில் இதைக் கேட்டறியுங்கள். அப்பிள்ளைக்கு மலசலகூடத்துக்கு அண்மையில் இடம் கொடுங்கள். இரவு முழுவதும் ஒரு விளக்கு எரியட்டும். மேலதிகத் துணி ஒரு தொகுதியையும் எவரும் காணாமல் மாற்றிக்கொள்ள ஓர் இடத்தையும் ஒதுக்குங்கள். விடுதிப் பொறுப்பாளர் ஒருவருக்கு மட்டும் விடயம் தெரிந்தால் போதும்.

அந்த மன்னார்ச் சிறுவன் ஒரு தவணை பிந்தியே விடுதிக்குப் போனான். மாலைத் தேநீரை வீட்டிலேயே நிறுத்தியிருந்தார்கள். நெடுநாளாய் இருந்த மலச்சிக்கலுக்கு வைத்தியர் மருந்து கொடுத்திருந்தார். முதல் மாதத்தில் நான்கைந்து இரவுகள் நனைந்தன. பொறுப்பாளர் ஒன்றும் பேசாமல் துணியை எடுத்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டிற் பையில் இருந்த மேலதிகத் துணி தேவைப்படவில்லை. தொடையில் இருந்த தழும்பு மட்டும் இருந்தது.

உங்கள் வீட்டிலும் பாய் நனைந்தால், நாளைக் காலை பிரம்பைத் தேடாதீர்கள். கொப்பியையும் பென்சிலையும் எடுங்கள். அதற்கு முன், வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள். "எங்களிலை ஆர் ஆர் நனைச்சனாங்கள்?" என்று. கிடைக்கும் பதிலைப் பிள்ளையும் கேட்கட்டும்.